ஜப்பான்ல செவ்வெல பாக்க எப்ப போறது?

காரைக்குடிக்காரி:
எங்க ஆயாவுக்கு 68 வயசு, பின்கட்டு வாதாமரத்துல எல செவந்து விழுந்தா எடுத்து வெளிச்சத்துல பிடிச்சு பாத்துக்கிட்டே இருப்பாக, அவுகளுக்கு ஜப்பான்ல செவக்குற மோமிஜிங்கிற மேப்பிள் இலைய காட்டணும்னு ரொம்ப ஆசை. தீபாவளி முடிஞ்சதும் கியோட்டோ போனா சரியா இருக்குமா? முட்டி வலி வேற இருக்கு.

கானாடுகாத்தான்:
தீபாவளி கணக்கு வேணாம் ஆச்சி, அது வருஷா வருஷம் மாறும். கியோட்டோன்னா நவம்பர் 20க்கு மேல, டிசம்பர் முதல் வாரத்துக்குள்ள. ராத்திரி குளிர் நல்லா எறங்குனாதான் எல செவக்கும், அதான் வடக்க இருக்குற ஹொக்கைடோ மலையில செப்டம்பர்லயே தொடங்கி அப்புடியே தெக்க எறங்கி வருது.

தேவகோட்டை அண்ணன்:
அம்மாவ கூட்டிட்டு போயிருக்கேன். தோஃபுகுஜி கோயில் மரப்பாலத்துல நின்னு கீழ பாத்தா அரக்கு கண்டாங்கிய விரிச்சு காயப்போட்ட மாதிரி இருக்கும்மா, ஆனா கூட்டம் நெரியும், காலையில தொறந்த ஒடனே போயிருங்க. முட்டி வலிக்கு அராஷியாமா பக்கம் ஆத்தோரமா போற டொரோக்கோ ரயில்தான் நல்லது, உக்காந்தே பாக்கலாம், டிக்கெட்ட முன்னாடியே போட்டுருங்க. சைவம்னா சூப்புல மீன் சாறு இருக்கும், கேட்டுட்டு குடுங்க. ஒசாகா பக்கம் மினோல மேப்பிள் இலையவே உப்புல ஊறவச்சு இனிப்பு மாவுல தோச்சு பொரிச்சு விக்கிறாங்க, மொறுமொறுன்னு இருக்கும்.

காரைக்குடிக்காரி:
ரொம்ப நன்றிண்ணே. ரயில்னு படிச்சு காட்டுனதும் ஆயா மொகமே மாறிருச்சு, நவம்பர் கடைசி வாரத்துக்கே பாக்குறேன்.