ஒரே செருகுநிரல், மூன்று எடிட்டர்கள்: பொதுவான பகுதியை எங்கே பிரிப்பது?

கேள்வி

வணக்கம். எங்கள் குழு தனக்கென வகுத்துக்கொண்ட ஒரு கான்ஃபிக் கோப்பு வடிவத்தைச் சரிபார்ப்பதற்காக, விஎஸ் கோடு எடிட்டருக்கு டைப்ஸ்கிரிப்ட் மொழியில் ஒரு செருகுநிரல் (எடிட்டரோடு சேர்க்கும் கூடுதல் நிரல்) எழுதினோம். பின்னர் இன்டெல்லிஜே பயன்படுத்துவோர் கேட்டதால், அதே பார்சரை, அதாவது கோப்பைப் படித்துப் பகுக்கும் பகுதியை, கோட்லின் மொழியில் மறுபடியும் எழுதினோம். இப்போது ஒரே கோப்பைத் திறந்தால் ஒன்று பிழை என்கிறது, மற்றொன்று சரி என்கிறது. எந்த விதியை எங்கே திருத்தினோம் என்பதே எங்களுக்கு நினைவில்லை. இந்நிலையில் எக்லிப்ஸுக்கும் ஒன்று வேண்டும் என்கிறார்கள். மூன்றாவது முறையும் எழுதுவதற்கு முன் கேட்கிறேன்: பொதுவான பகுதி எது, ஒவ்வொரு எடிட்டருக்கும் தனியாக எழுத வேண்டியது எது என்ற கோட்டை அனுபவமுள்ளவர்கள் எங்கே போடுகிறீர்கள்?

பதில் 1

மூன்றாவது பார்சரை எழுதாதீர்கள், இரண்டாவதையும் கைவிடுங்கள். பார்சரும் விதிகளும் எடிட்டருக்கு வெளியே, ஒரு சர்வராக, தனி ப்ராசஸாக (தனியே இயங்கும் நிரலாக) ஓட வேண்டும். லாங்குவேஜ் சர்வர் புரோட்டோகால், அதாவது எல்எஸ்பி, இதற்காகவே 2016இல் வெளியிடப்பட்டது. எடிட்டரும் சர்வரும் ஜேசன்-ஆர்பிசி என்ற உரை வடிவச் செய்திகளில் பேசிக்கொள்ளும்: கோப்பு திறந்தது, எழுத்து மாறியது, இந்த வரியில் பிழை, இந்த இடத்தில் இவற்றுள் ஒன்றைப் பரிந்துரை என்பன போல. நியோவிமில் 0.5 பதிப்பிலிருந்தும் ஈமேக்ஸில் 29ஆம் பதிப்பிலிருந்தும் இதற்கான கிளையன்ட் (சர்வரோடு பேசும் எடிட்டர் பக்கப் பகுதி) உள்ளேயே இருக்கிறது. எக்லிப்ஸுக்கு எல்எஸ்பி4இ என்ற செருகுநிரல் உண்டு. இன்டெல்லிஜே 2023.2இல் அதிகாரபூர்வ ஆதரவைத் தந்தாலும் தொடக்கத்தில் அது கட்டணப் பதிப்புகளுக்கு மட்டுமே இருந்தது. எல்எஸ்பி4ஐஜே என்ற செருகுநிரலைச் சார்ந்தால் இலவசப் பதிப்பிலும் வேலை நடக்கும்.

எடிட்டர் பக்கம் எஞ்சுவது ஒரு மெல்லிய ஓடுதான். சர்வரைத் தொடங்குவது, அமைப்புகளைப் படித்து அனுப்புவது, இறந்துபோனால் மீண்டும் எழுப்புவது ஆகியவற்றைத் தாண்டி ஒரு விதிகூட அதற்குள் நுழையக் கூடாது. நுழைந்தால் பழைய கதைதான்.

ஓர் எச்சரிக்கை. சர்வர் பெரும்பாலும் ஸ்டாண்டர்ட் அவுட்புட் (நிரல் அச்சிடும் வரிகள் வழக்கமாகப் போகும் தடம்) வழியாகவே பேசுகிறது. நாங்கள் சேர்த்த ஒரு லைப்ரரி, தொடங்கும்போது தன் பதிப்பு எண்ணை ஒரு வரியாக அச்சிட்டது; அந்த ஒரு வரி செய்திகளுக்கு நடுவில் விழுந்ததால் எடிட்டர் எந்தப் பிழையும் காட்டாமல் ஊமையாக நின்றது. ஒரு முழு நாளை அதில் இழந்தோம். லாக் எல்லாம் ஸ்டாண்டர்ட் எரர் என்ற தனித் தடத்துக்கோ கோப்புக்கோ போகட்டும்.

பதில் 2

முந்தைய பதிலை ஏற்கிறேன். ஆனால் பலரும் அடிபடும் இடம் வேறொன்று: நிலை எண்ணுதல். எல்எஸ்பியில் ஒரு வரிக்குள் இருக்கும் இடம், முன்னிருப்பாக, யூடிஎஃப்-16 (எழுத்துகளைக் கணினியில் எண்களாகக் குறிக்கும் ஒரு முறை) அலகுகளில் எண்ணப்படுகிறது. கோ, ரஸ்ட் போன்ற மொழிகளில் சரங்கள் யூடிஎஃப்-8 பைட்டுகளாக இருப்பதால், அங்கு எழுதப்படும் சர்வர்கள் கவனக்குறைவாகப் பைட்டுகளை எண்ணிவிடுகின்றன. ஆங்கிலத்தில் இரண்டும் ஒன்றே என்பதால் சோதனைகள் அனைத்தும் தேறிவிடும்.

ஒரு வரியில் 'தமிழ்' என்ற சொல் வந்து, அதற்குப் பின்னால் பிழை இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்கு மூன்று எழுத்து; த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என யூனிகோடில் ஐந்து குறியீடுகள்; யூடிஎஃப்-16இல் 5 அலகுகள்; யூடிஎஃப்-8இல் 15 பைட்டுகள். பைட்டை எண்ணிய சர்வர், சிவப்பு அடிக்கோட்டைப் பத்து இடம் தள்ளிப் போடும். குறியீடுகளை எண்ணித் தப்பிக்கலாம் என்றும் எண்ண வேண்டாம். தமிழில் அது பொருந்திவிடும், ஆனால் எமோஜி ஒன்று குறுக்கிட்டால் ஒரு குறியீட்டுக்கு இரண்டு அலகுகள் ஆகிவிடும். 2022இல் வந்த எல்எஸ்பி 3.17 பதிப்பில் இரு தரப்பும் எந்த முறையில் எண்ணுவது எனத் தொடக்கத்திலேயே பேசி முடிவுசெய்ய வழி உண்டு. எனினும் யூடிஎஃப்-16ஐக் கைவிட முடியாது.

இதற்கு நேர்மாறாக, ஒவ்வொரு செய்திக்கும் முன்னால் வரும் கன்டென்ட்-லெங்த் என்ற எண் பைட்டுகளில் இருக்க வேண்டும். சரத்தின் நீளத்தை அப்படியே அங்கே எழுதியவரின் சர்வர், பிழைச்செய்தி தமிழில் வந்த அன்றைக்கு நின்றுபோகும்.

பதில் 3

எல்எஸ்பி எல்லாவற்றையும் தீர்க்கும் என்ற எண்ணத்தோடு மட்டும் இறங்காதீர்கள். அது திரை வடிவமைப்பைப் பற்றி ஏறக்குறைய எதுவும் சொல்வதில்லை. திரையை வரைய இன்டெல்லிஜே ஸ்விங்கையும் எக்லிப்ஸ் எஸ்டபிள்யூடியையும் பயன்படுத்துகின்றன. விஎஸ் கோடில் வெப்வியூ, அதாவது எடிட்டருக்குள் திறக்கும் வலைப்பக்கம்தான். மூன்றையும் மூடும் ஒரு பொது இடைமுக அடுக்கை நாமே எழுதிவிடலாம் என்ற ஆசை வரும். நான் அதற்கு ஆளாகி, செருகுநிரலைவிடப் பெரிய அடுக்கு ஒன்றைப் பராமரித்துக்கொண்டிருந்தேன். தனி ஜன்னல் கேட்கும் வசதியைப் பிழைக் குறிப்பாகவோ, அதன்மேல் தோன்றும் திருத்தப் பரிந்துரையாகவோ மாற்ற முடியுமா என்று முதலில் பாருங்கள். பெரும்பாலும் முடியும், பயனருக்கும் அதுவே பழகிய இடம்.

கேட்டவரின் மறுமொழி

அனைவருக்கும் நன்றி. ஓர் ஐயம் மட்டும். எங்கள் நல்ல பார்சர் டைப்ஸ்கிரிப்டில் உள்ளது. எக்லிப்ஸ் பயனரின் கணினியில் அதை ஓட்டத் தேவையான நோட் (Node.js) இருக்கும் என்று எதிர்பார்க்கலாமா?

பதில் 1 எழுதியவர்

எதிர்பார்க்கக் கூடாது. விஎஸ் கோடு தன்னுடன் நோடைக் கொண்டுவருவதால் அங்கே இந்தச் சிக்கல் தெரிவதில்லை. பார்சரை ஜாவாவுக்கு மாற்றினால் எக்லிப்ஸும் இன்டெல்லிஜேயும் தமது ஜாவாவிலேயே அதை ஓட்டலாம், ஆனால் விஎஸ் கோடு பயனரிடம் ஜாவா கேட்க நேரிடும். சிக்கல் இடம் மாறுமே தவிர மறையாது. உங்கள் இடத்தில் இருந்தால், டைப்ஸ்கிரிப்டை அப்படியே வைத்துக்கொண்டு, நோடையும் சேர்த்து ஒற்றை இயங்கு கோப்பாகக் கட்டுவேன். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றுக்கும் இரு வகை ப்ராசஸர்கள் என்றால் ஆறு கோப்புகள். அளவு பெரிதாகும், பொறுத்துக்கொள்ளலாம். தொடக்கச் செய்தியில் எடிட்டர் தன் ப்ராசஸ் எண்ணை அனுப்பும். அந்த ப்ராசஸ் மறைந்தால் சர்வரும் தானே வெளியேறும்படி எழுதிவிடுங்கள். இல்லையெனில் எடிட்டர் ஒவ்வொரு முறை முடங்கும்போதும் ஓர் அனாதை சர்வர் நினைவகத்தில் தங்கிவிடும்.