தாத்தா வீடு, செந்தூல்

சரசு அத்தை: பக்கத்து லாட்டுல பைலிங், அதான் அஸ்திவாரத் தூண் இறக்குறது, ஆரம்பிச்சதுல இருந்து சாமி ரூம் விரிசல் பெருசாயிட்டே போகுது. போட்டோ பாருங்க

பெரியப்பா: ஹைலண்ட் டவர்ஸ் அடுக்குமாடி இடிஞ்சது ஞாபகம் இருக்கா? 1993 டிசம்பர். 48 பேர் செத்தாங்க. உடனே வெளிய வாங்க

மாலா: பெரியப்பா பயமுறுத்தாதீங்க லா

தேவா சித்தப்பா: அண்ணே, அங்க பின்னாடி மலைச்சரிவு சரிஞ்சுது. இங்க சரிவே இல்ல. அக்கா, விரிசலோட ரெண்டு முனையிலயும் பென்சில் கோடு போட்டு தேதி எழுதுங்க

கவின்: சித்தப்பா, அதிர்வு சென்சார் ஆர்டர் பண்ணிட்டேன். எஸ்டபிள்யூ-420

தேவா சித்தப்பா: அது ஆடுச்சா இல்லையான்னு மட்டும்தான் சொல்லும், எவ்வளவுன்னு சொல்லாது. லாரி போனாலும் கத்தும்

மாலா: ஹாஹா

பெரியப்பா: கூரை ஒழுகினப்பவே சொன்னேன். யார் காசு குடுத்தா?

சரசு அத்தை: அண்ணே அது இப்ப வேணாம்

தேவா சித்தப்பா: கவின், கவனமா படி. விரிசல் நகர்றதை அளக்க, கம்பி 10 மில்லிமீட்டர் ஓடுற, ஸ்பிரிங் வச்ச பொட்டன்ஷியோமீட்டர் சென்சார் வாங்கு. கூட அதோட வோல்ட்டை நம்பரா மாத்த ஏடிஎஸ்1115, அதைப் படிச்சு எழுத இஎஸ்பி32 போர்டு, வெப்பத்துக்கு டிஎஸ்18பி20. இஎஸ்பி32க்குள்ளயே இருக்கிற ஏடிசி, அதான் நம்பரா மாத்துற பகுதி, வேணாம், அளவு கோணிக்கும். சென்சாருக்குப் போற 3.3 வோல்ட்டையும் ஏடிஎஸ்1115ல இன்னொரு சேனல்ல படிச்சு, சென்சார் அளவை அதால வகுத்துடு. இல்லன்னா சார்ஜர் ஆடுறதும் விரிசல் மாதிரியே தெரியும்.
பூச்சு மேல ஒட்டாத, அது கழண்டு நிக்கும். செங்கல் தெரியிற வரைக்கும் கொத்து. ஒரு பக்கம் சென்சார், மறுபக்கம் எல் தகடு, சென்சார் கம்பி அதைத் தொட்டா போதும். கம்பியைப் பாதி ஓட்டத்துல நிறுத்து, ரெண்டு பக்கமும் போக இடம் வேணும். எபாக்ஸி போட்டு 24 மணி நேரம் விடு. சிலிக்கான், டபுள் டேப் ரெண்டும் மெல்ல நழுவும், சுவர் நகருதுன்னு நினைச்சு ஏமாறுவோம்

கவின்: ஓகே

மாலா: ஞாயிறு நாசி லெமாக் எத்தனை பொட்டலம்?

தேவா சித்தப்பா: 15 நிமிஷத்துக்கு ஒரு தடவை அளவையும் வெப்பத்தையும் சேர்த்தே எழுது. 10 மீட்டர் செங்கல் சுவர் 10 டிகிரி சூட்டுக்கே அரை மில்லி கிட்ட நீளும். விரிசல் தினமும் மூடித் திறக்கும், அதுக்குப் பதறக் கூடாது. காலை 6 மணி அளவை மட்டும் ஒப்பிடு. ரெண்டு வாரமா ஒரே பக்கம் போனா அதுதான் நிஜம்

பெரியப்பா: எனக்கு 3. சம்பல் தனியா

சரசு அத்தை: கதவும் கொஞ்சம் இறுகுது தேவா

தேவா சித்தப்பா: அதை ஏன் முதல்லயே சொல்லல! அப்ப சென்சாருக்குக் காத்திருக்க வேணாம், இன்ஜினியர் வந்து பாக்கணும். பைலிங்குக்கு முன்னாடி நம்ம வீட்டுல எடுத்த போட்டோ ரிப்போர்ட்டையும் கான்ட்ராக்டர்கிட்ட கேளுங்க

மாலா: இன்ஜினியர் காசு யாரு?

பெரியப்பா: பாப்போம்

கவின்: சாமி ரூம்ல பிளக் இருக்கா அத்தை?

சரசு அத்தை: ஒண்ணுதான். அதுல சாமி லைட்டு இருக்கு, கழட்ட விடமாட்டேன்