ட்வைனில் உயிர்மெய் உடைகிறது, வழி சொல்லுங்க

சோமனூர் பக்கத்துத் தறிக்குடோனில் நைட் ஷிஃப்ட் ஓட்டுபவரைப் பற்றி, தொட்டால் நகரும் கவிதை ஒன்றை ட்வைன் 2 (ஊடாடும் கதை செய்யும் மென்பொருள்)-இல் செய்கிறேன். அதில் சுகர்க்யூப் என்ற கதை வடிவம். அறுந்த பாவு நூலைத் தொட்டால் அடுத்த வரி எழுத்தெழுத்தாக ஆடி வர வேண்டும். ஆனால் ‘கொங்கு’ என்று வரும் இடத்தில் க தனியே நிற்கிறது. கொம்பும் காலும் ஒரு புள்ளிவட்டத்தைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நிற்கின்றன. பார்க்கவே எரிச்சல்.

ஆட்டத்துக்காக ஒவ்வொரு எழுத்தையும் தனி ஸ்பேனில் (HTML குறி) இன்லைன்-பிளாக்காக, அதாவது தனிப்பெட்டியாக வைக்கிறேன். வரியை மொத்தமாகக் காட்டினால் சரியாக வருகிறது. நோட்டோ சான்ஸ் தமிழ், லதா என்ற எழுத்துருக்கள் இரண்டும் போட்டாச்சு. ஜாவாஸ்கிரிப்டின் அரே.ஃப்ரம் (Array.from) வைத்துப் பிரித்தாலும் அதே கதைதான். எழுத்தை முழுசாகப் பிரித்துத் தரும் இன்டில்.செக்மென்டர் (Intl.Segmenter) போட்டதும் லேப்டாப் குரோமில் சரியாகிவிட்டது. ‘ஸ்ரீ’ மட்டும் ஸ், ரீ என்று பிரிகிறது, அது கிடக்கட்டும்.

சிக்கல் பழைய ஆண்ட்ராய்டு போன்களில். குரோம் 87-க்கு முந்தையதில் செக்மென்டரே கிடையாது, திரை வெறுமையாக நிற்கிறது. தறி ஓட்டும் மாமாக்கள் கையில் இருப்பது அந்த போன்தானுங்க. அவர்கள் விளையாடாமல் இட்ச்.ஐஓ (itch.io) விளையாட்டுத் தளத்தில் ஏற்றி என்ன பிரயோஜனம்?

செக்மென்டர் இல்லாமல், பழைய குரோமிலும் உயிர்மெய்யை உடைக்காமல் பிரிக்கும் ரெஜெக்ஸ் (எழுத்துக்கோவையைத் தேடிப் பிடிக்கும் சூத்திரம்) யாரிடமாவது இருக்குதுங்களா?