டம்ளர், தாம்பாளம், கல்யாணப் பத்திரிகை: ஒன்றரை முதல் நாலு வயசு வரை கைக்கு வேலை

மஞ்சப்பை:
மழைக்காலம், ரெண்டு ரூம் வீடு, வெளியே விட முடியாது. ஒன்றரை வயசிலிருந்து நாலு வயசு வரைக்கும் வீட்டுச் சாமான்களை வைத்தே என்ன செய்யலாம் என்று தெரிந்தவர்கள் எழுதுங்கள். "விளையாட விடுங்கள், ரசியுங்கள்" என்கிற மாதிரி பொதுவாக வேண்டாம். எவ்வளவு, எதில், எங்கே சொதப்பும் என்று வேண்டும்.

தாழ்வாரம்:
ஊற்றி விளையாடுவதில் ஆரம்பியுங்கள். ஒன்றரை வயசில் பிள்ளை செய்ய விரும்புவது அது ஒன்றுதான். நாம் தடுப்பதும் அதைத்தான்.

விளிம்பு உயர்ந்த தாம்பாளம் ஒன்று, பிள்ளையின் கைக்குள் அடங்குகிற குட்டி எவர்சில்வர் டம்ளர் ஒன்று, அதைவிட வாய் அகன்ற டபரா ஒன்று. டம்ளரில் கால் பங்குதான் தண்ணீர். பெரும்பாலான வீடுகளில் தவறுவது இங்கேதான். டம்ளரை நிரப்பிக் கொடுத்தால் லேசாகச் சாய்த்ததுமே எல்லாம் கொட்டிவிடும், பிள்ளைக்குக் கையைக் கட்டுப்படுத்தவே வாய்ப்பிருக்காது. கால் பங்கு இருந்தால் நிறையச் சாய்த்த பிறகுதான் தண்ணீர் வரும், எப்போது வரும் என்று மணிக்கட்டே கற்றுக்கொள்ளும். வெறும் தண்ணீர் எவர்சில்வரில் கண்ணுக்குத் தெரியாது. பீட்ரூட் நறுக்கிய தண்ணீரை ஒரு ஸ்பூன் கலந்தால் மட்டம் தெரியும்.

பரணில் பாலாடை கிடந்தால் எடுத்துக் கழுவுங்கள். மூக்கு இருப்பதால் ஊற்றப் பழக அதைவிட நல்ல பாத்திரம் கிடையாது. (குழந்தையைப் படுக்கவைத்து வாயில் ஊற்ற அல்ல. புரையேறும்.)

துடைக்கிற துணி கைக்குட்டை அளவுக்கு மேல் வேண்டாம். பெரிய துண்டை அந்தக் கையால் பிழிய முடியாது. முடியாதபோது தண்ணீரிலேயே தட்ட ஆரம்பிக்கும், நாமும் அதைக் குறும்பு என்போம். துடைப்பதும் விளையாட்டில் பாதி, அதை நாம் செய்து முடித்துவிடக் கூடாது.

டம்ளரை வீச ஆரம்பித்தால் சலித்துவிட்டது என்று அர்த்தம். திட்டாமல் பாத்திரத்தை மாற்றுங்கள்: ஸ்பூன், ஸ்பாஞ்ச், வடிகட்டி. மூன்று வயசுக்கு மேல் தண்ணீருக்குப் பதில் பச்சரிசி அரை டம்ளர்.

நடைவண்டி:
தாழ்வாரம் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். பணியாரக் கல்லில் ஏழோ அதற்கு மேலோ குழி இருக்கும். குழிக்கு ஒரு எலுமிச்சம்பழம் எடுத்து வைக்கச் சொன்னால் ரெண்டு வயசுப் பிள்ளை நாலைந்து சுற்று வரை செய்யும். எண்ணச் சொல்ல வேண்டாம், ஒரு குழி காலியாக இருந்தால் தானே கவனிக்கும். இரும்புக் கல் காலில் விழுந்தால் நகம் போய்விடும், லேசான நான்ஸ்டிக் கல்லே போதும். பிறகு பல்லாங்குழிக்குப் போகலாம், புளியங்கொட்டை, சோழி...

கோலப்பொடி:
குறுக்கிடுகிறேன், மன்னிக்கவும். ரெண்டு வயசுக்குப் புளியங்கொட்டையும் வேண்டாம், சோழியும் வேண்டாம். மூன்று வயசுக்குக் கீழே எது தொண்டையை அடைக்கும் என்பதைக் கண்ணால் மதிப்பிட்டால் ஏமாந்துபோவோம். அளந்து பாருங்கள். விளையாட்டுப் பொருள்களைச் சோதிக்கிற உருளையின் விட்டம் கிட்டத்தட்ட 3.2 செ.மீ. வீட்டில் செய்ய, கெட்டி அட்டையைச் சுற்றளவு சரியாக 10 செ.மீ. வரும்படி சுருட்டி ஒட்டுங்கள், விட்டம் அதுவே வரும். அதற்குள் முழுசாக இறங்குகிற எதுவும் மூன்று வயசு வரை கையில் போகக் கூடாது. பத்து ரூபாய் நாணயம் 2.7 செ.மீ., தாராளமாக இறங்கும்.

உருண்டையாக இருந்தால் இந்த அளவும் போதாது. பந்து மாதிரிப் பொருள் தொண்டையில் முழுசாகப் பொருந்தி மூச்சை அடைக்கும் என்பதால் 4.5 செ.மீ.க்கு மேல் இருக்க வேண்டும். சின்ன எலுமிச்சம்பழம் அதற்குக் குறைவு! ரெண்டு வயசுக்குப் பிள்ளையின் சாக்ஸைச் சுருட்டிக் கொடுங்கள், எலுமிச்சை மூன்றுக்கு மேல்.

வேர்க்கடலை, பொட்டுக்கடலை இரண்டையும் நாலைந்து வயசு வரை முழுசாகத் தராமல் பொடித்தே தாருங்கள். கொட்டையோ பயறோ மூக்கில் போனால் விரலால் நோண்டாதீர்கள், உள்ளேதான் போகும். தண்ணீரும் விடாதீர்கள், ஊறிப் பெருத்துவிடும். காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போக வேண்டும். ரிமோட், பொம்மை, பாட்டு வாழ்த்து அட்டை இவற்றில் இருக்கும் பட்டன் பேட்டரியை விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தாலே, "மலத்தில் வரட்டும்" என்று காத்திருக்காமல் உடனே மருத்துவமனை. உணவுக்குழாயில் மாட்டினால் ரெண்டு மணி நேரத்திலேயே ஆழமாக வெந்து புண்ணாகும்.

நடைவண்டி:
சரிதான், எலுமிச்சையைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். பல்லாங்குழி நாலு வயசுக்கு.

மஞ்சப்பை:
மாவு? கடையில் விற்கிற கலர் மாவு ரெண்டே நாளில் காய்ந்துபோகிறது.

கோலப்பொடி:
எல்லாவற்றையும் வாயில் வைக்கிற வயசென்றால் சப்பாத்தி மாவு மட்டும். எலுமிச்சை அளவு உருண்டை, ரெண்டு சொட்டு நல்லெண்ணெய். அன்றைக்கே தூக்கிப்போடுங்கள், நம்ம ஊர் வெயிலுக்குச் சாயங்காலமே புளித்துவிடும்.

வாயில் வைப்பதை விட்ட பிறகு உப்பு மாவு. மைதா 1 கப், தூள் உப்பு அரை கப், எண்ணெய் 1 டேபிள்ஸ்பூன், எலுமிச்சைச் சாறு 1 டீஸ்பூன், கொதிக்கிற தண்ணீர் சுமார் அரை கப். தண்ணீரை ஒரேயடியாக விடாமல் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கரண்டியால் கிளறுங்கள், கை பொறுக்கிற சூட்டுக்கு வந்ததும் ஐந்து நிமிஷம் பிசையுங்கள். முதலில் பிசுபிசுக்கும், பயந்துபோய் மைதாவைக் கொட்டினால் ஆறியதும் வெடிக்கும். பிசைந்து முடித்த பிறகும் ஒட்டினால் மட்டும் ஒரு ஸ்பூன். கல் உப்பு முழுசாகக் கரையாது, நரநரவென்று இருக்கும், விரலில் கீறல் இருந்தால் எரியும். மழை நாளில் உப்பு ஈரத்தை இழுத்து மாவு கசியும், அதனால் மூடி இறுகிய டப்பாவில் ஃபிரிட்ஜில் வையுங்கள். இதைத் தின்றால் உப்பு ரொம்ப அதிகமாக உள்ளே போகும், அது ஆபத்து. பக்கத்தில் இருந்தே ஆக வேண்டும்.

நிறத்துக்கு மஞ்சள்தூள் அரை டீஸ்பூன். துணியில் கறை படிந்தால் துவைத்து நல்ல வெயிலில் போடுங்கள், மங்கிவிடும். சிவப்பு வருமே என்று சுண்ணாம்பு சேர்க்கிற வேலை வேண்டாம், கண்ணில் பட்டால் வெந்துவிடும்.

மூன்றரை வயசுக்கு முறுக்கு அச்சைக் கொடுத்துப் பாருங்கள். மாவு தளர்வாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அழுத்த முடியாமல் அழும். ரெண்டு கையும் சேர்ந்து அழுத்துகிற அந்த வேலைக்கு ஈடாக எந்தப் பொம்மையும் இல்லை.

தாழ்வாரம்:
கத்தரிக்கோல் பற்றி யாரும் எழுதவில்லை. மூன்று வயசில் முனை மழுங்கினது கொடுக்கலாம், ஆனால் செய்தித்தாளைக் கொடுக்காதீர்கள். மெல்லிய தாள் ரெண்டு அலகுக்கும் நடுவில் மடிந்துகொள்ளும், வெட்டுப்படாது, பிள்ளை கத்தரிக்கோலைப் பக்கவாட்டில் முறுக்கும். பழைய கல்யாணப் பத்திரிகைதான் இதற்கென்றே செய்த மாதிரி. ரெண்டு செ.மீ. அகலத்துக்கு நீளமாகக் கீற்று வெட்டிக் கொடுத்தால் ஒரு தடவை மூடினாலே ஒரு துண்டு விழும். கோட்டின் மேல் வெட்டுவது, வட்டம் வெட்டுவது எல்லாம் பிறகு. கட்டைவிரல் மேலே இருக்க வேண்டும். கட்டைவிரல் நகத்தில் ஒரு பொட்டு ஒட்டிவிட்டு "பொட்டு உன்னைப் பார்க்கட்டும்" என்று சொன்னால் போதும். இடதுகைப் பிள்ளைக்கு இடதுகைக் கத்தரிக்கோல் வாங்குங்கள். சாதாரணக் கத்தரிக்கோலை இடது கையில் பிடித்தால் அலகுகள் விலகும், வெட்டும் இடமும் தெரியாது.

ரெண்டு வயசுக்குத் தினசரி காலண்டரில் கிழித்த தாள்கள். கிழிப்பதுதான் கத்தரிக்கோலுக்கு முந்தைய பாடம். முதலில் நீங்கள் ஓரத்தில் சின்னதாகக் கீறி விடுங்கள்.

நடைவண்டி:
நிறுத்துவதற்கும் ஒரு முறை உண்டு. "போதுமா கண்ணு?" என்று கேட்டால் "போதாது" என்றுதான் பதில் வரும். "இன்னும் மூணு தடவை ஊத்திட்டுக் கவுத்துடலாம்" என்று சொல்லி, கூடவே நிதானமாக எண்ணுங்கள். மூன்றாவது முடிந்ததும் டம்ளரை அதன் கையாலேயே கவிழ்க்கவைக்க வேண்டும். கெஞ்சினால் நாலாவது தடவை கொடுக்காதீர்கள், நாளைக்கு எண்ணிக்கைக்கு மதிப்பிருக்காது.

விளையாடும்போது "இது என்ன கலர்?" என்று பரீட்சை வைப்பதைவிட நடப்பதைச் சொல்லுங்கள். ஊத்துற. நிறையுது. வழியுது. சிந்திடுச்சு. சொட்டுது பாரு. தண்ணீர் ஒன்றுக்கே நம்மிடம் இத்தனை வினைச்சொல் இருக்கிறது. சொல்லிவிட்டு மனசுக்குள் ஐந்து எண்ணும் வரை சும்மா இருங்கள், பதில் அந்த இடைவெளியில்தான் வரும்.

மஞ்சப்பை:
பாத்ரூமில் பெரிய வாளியை வைத்து விளையாட விடலாமா? அங்கே என்றால் துடைக்கிற வேலை இல்லை.

கோலப்பொடி:
வாளியில் வேண்டாம், பாத்ரூமிலும் அதே டம்ளரும் தாம்பாளமும்தான். இந்த வயசில் உடம்போடு பார்த்தால் தலை கனம். எட்டிப் பார்க்கும்போது தலைகுப்புற விழுந்தால் தானாக எழ முடியாது, மூக்கும் வாயும் மூழ்குகிற அளவு தண்ணீரே போதும், சத்தமும் வராது. பிடித்து வைத்த தண்ணீர் என்றால் மூடி போட்டு மேலே கனம் வையுங்கள், இல்லாவிட்டால் பாத்ரூம் கதவுக்கு வெளித்தாழ்ப்பாள் உயரத்தில் போடுங்கள். காலி வாளியைக் கவிழ்த்தே வையுங்கள், குழாய் சொட்டினாலும் ராத்திரிக்குள் நாலு விரற்கடை நிறைந்துவிடும்.