மகேந்திரகிரி எஞ்சின் சோதனைச் சத்தம்: கேட்டவர்கள் எழுதுங்கள்

பணகுடிவாசி:
மகேந்திரகிரி மலையில் இஸ்ரோ ராக்கெட் எஞ்சின் சோதனை நடந்தால் எங்கள் ஊரில் யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அன்று டீக்கடைக் கண்ணாடி அலமாரி கடகடத்தபோது, பக்கத்திலிருந்த பெரியவர் மட்டும் தம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் காது கொடுத்தார். "விகாஸ்" என்றார். இஸ்ரோ ராக்கெட்டுகளில் திரவ எரிபொருளில் ஓடும் எஞ்சின் அது. மலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவராம்.

"அதைவிடச் சிக்கனமான, உறைகுளிர் எரிபொருளில் ஓடும் கிரையோஜெனிக் எஞ்சின் இருக்கும்போது இது எதற்கு அண்ணாச்சி?" என்றேன்.

"கீழே புவியீர்ப்போடு மல்லுக்கு நிற்க முரட்டு விசை வேண்டும், தம்பி. சிக்கனமெல்லாம் மேலே போன பிறகுதான்." அதற்குள் பஸ் வந்துவிட்டது, ஏறிவிட்டார். விகாஸ் சுமார் 80 டன் தள்ளும், சிஇ-20 என்ற கிரையோஜெனிக் எஞ்சின் அதில் கால்பங்குதான் என்று பிறகு படித்தேன். சத்தத்தை வைத்தே எப்படிக் கண்டுபிடித்தார் என்பதுதான் இன்றும் புரியவில்லை.

பாளை விடுதி மாணவன்:
பெரியவர் சொன்னது பாதிதான். மேலே போனாலும் பயணம் நீண்டால் கிரையோ உதவாது. மைனஸ் 253 டிகிரியில் இருக்க வேண்டிய திரவ ஹைட்ரஜனை மாதக்கணக்கில் எப்படிக் காப்பது? மங்கள்யானில் இருந்தது 440 நியூட்டன் குட்டி எஞ்சின். அதன் எரிபொருளும், அது எரிய ஆக்சிஜன் தரும் ஆக்சிகரணியும் சாதாரண வெப்பத்தில் கிடக்கும், ஒன்றையொன்று தொட்டாலே பற்றிக்கொள்ளும். சுமார் 300 நாள் உறங்கிய எஞ்சினை 2014 செப்டம்பர் 22 அன்று 4 வினாடி எரித்துப் பார்த்தார்கள். கலம் செவ்வாய்ச் சுற்றுப்பாதையில் நுழைய வேண்டிய 24ஆம் தேதி காலை மெஸ்ஸில் டிவி முன்னால் நின்றோம். எஞ்சின் எரியும்போதே கலம் செவ்வாய்க்குப் பின்னால் மறைந்துவிட்டது, சிக்னல் இல்லை. சட்னி வாளியோடு வந்த மாஸ்டர் பரிமாறவே மறந்து நின்றார்.

வள்ளியூர் ஃபிட்டர்:
இருவரும் நிலவில் இறங்கிய விக்ரம் கலத்தை விட்டுவிட்டீர்கள். சந்திரயான்-3 இறங்கிய இரவு எங்கள் தெருவில் வெடி போட்டோம், என் கதை அவ்வளவுதான். அதிலிருந்த நான்கு 800 நியூட்டன் எஞ்சின்களும் விசையைக் கூட்டிக் குறைக்கக் கூடியவை. நிலவில் காற்று இல்லை, பாராசூட் விரியாது, எஞ்சின்தான் பிரேக். படிக்கிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன்: சூத்திரத்தை மட்டும் கட்டிக்கொண்டு அழாதீர்கள். வால்வைக் கழற்றி மாட்டிப் பழகுங்கள், வெல்டிங் பழகுங்கள், வரைபடம் படிக்கப் பழகுங்கள். கசிவு எங்கே வரும் என்று கைக்குத் தெரிய வேண்டும். ஐ.டி.ஐ. முடித்தவர்களையும் மலையில் எடுக்கிறார்கள்; அறிவிப்பு வரும்போது சான்றிதழைத் தேடி அலையாமல் இப்போதே எடுத்து வையுங்கள். இரண்டு நகல் போதாது, நான்கு எடுங்கள்.

பணகுடிவாசி:
இங்கே யாரும் வேலை கேட்கவில்லையே அண்ணாச்சி! 2025 மார்ச் 28 அன்று மண்ணெண்ணெயும் திரவ ஆக்சிஜனும் எரியும் செமிகிரையோ எஞ்சினின் பவர் ஹெட்டை (விசை தரும் அறை தவிர்த்த பகுதி) சிறிது நேரம் எரித்துப் பார்த்தார்களே, அதைக் கேட்டவர் யாராவது உண்டா? நான் அன்று ஊரில் இல்லை.