ஹைலக்ஸில் கேம்பர் பெட்டியை எதால் பிடித்துக் கட்டுவது?

உப்புவெளியான்:
வணக்கம். என்னிடம் சிங்கிள் கெப் ஹைலக்ஸ் பிக்கப் ஒன்று இருக்கிறது. பின்னால் ஏற்றி இறக்கக்கூடிய, உள்ளே படுத்துத் தங்கும் கேம்பர் பெட்டி ஒன்றை அலுமினியச் சட்டத்திலும் பிளைவூட்டிலும் செய்து முடித்துவிட்டேன். தண்ணீர் நிரப்பினால் 450 கிலோ. மே மாதம் பிள்ளைகளோடு மட்டக்களப்பு வழியாக அறுகம்பைக்குப் போக எண்ணம். ரச்சட் பெல்ட் (நெம்பி இறுக்கும் பட்டி) போதும் என்கிறார்கள் சிலர். பின்பெட்டித் தகட்டில் துளை போட்டு போல்ட் அடிக்கலாம் என்கிறார் வெல்டிங் பாஸ். எதை வாங்குவது?

கந்தளாய் லொறிக்காரன்:
நல்ல பெல்ட் நாலு போதும் தம்பி. லேபல் நீல நிறமா என்று பாருங்கள். நீலம் என்றால் பொலியெஸ்டர், அவ்வளவாக இழுபடாது. கடையில் சொல்லும் "அஞ்சு தொன்" பெரும்பாலும் பெல்ட் அறுகிற அளவு. கட்டுவதற்கான அளவு லேபலில் தனியாக இருக்கும், அதைத்தான் நம்ப வேண்டும்.

படகுப்பட்டறை:
லேபல் பற்றி அண்ணன் சொன்னது சரி. ஆனால் மாதக்கணக்கில் ஏற்றியே வைத்திருக்கப் போகும் பெட்டிக்கு பெல்ட்டை நான் சொல்லமாட்டேன். நம் ஊர் வெயிலில் நார் வெளிறிப் பலம் இழக்கும், அலுமினிய விளிம்பு உரசியே அறுக்கும்.

தகட்டில் போல்ட் வேண்டவே வேண்டாம். அந்தத் தகடு மேலே வைக்கும் பாரத்தைத் தாங்கச் செய்தது. மேல்நோக்கி இழுத்தால் துளையைச் சுற்றிக் கிழியும். பிடி சேசியிலிருந்து, அதாவது வாகனத்தின் அடிச்சட்டத்திலிருந்து, வரவேண்டும்.

ஐரோப்பிய நியமத்தில் கட்டு முன்னோக்கிப் பாரத்தின் 80 வீதத்தையும், பக்கவாட்டிலும் பின்னோக்கியும் 50 வீதத்தையும் தாங்க வேண்டும். உங்கள் பெட்டிக்கு அது 360 கிலோ, 225 கிலோ. இதில் காற்று சேரவில்லை. நீங்கள் போகும் காலம் தென்மேற்குக் காற்று வீசும் கச்சான் காலம்; கிண்ணியாப் பாலத்தில் உயரமான பெட்டியைக் காற்று எப்படித் தள்ளும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

அதனால் நாலு மூலைக்கும் ஸ்பிரிங் வைத்த டேர்ன்பக்கிள் (திருகி இறுக்கும் உலோகக் கட்டு) வாங்குங்கள். முன் இரண்டும் கீழாகவும் முன்னாகவும் இழுக்கட்டும், பின் இரண்டும் கீழாகவும் பின்னாகவும். குழியில் விழும்போது சேசி முறுகும். ஸ்பிரிங் இல்லாவிட்டால் அந்த இழுவை முழுவதும் உங்கள் பிளைவூட்டில்தான் இறங்கும். கொக்கி முனை வேண்டாம், குலுக்கலில் கழன்றுவிடும். வளைய முனை வாங்கி ஷக்கிள் (ஆணியால் மூடும் U வடிவ வளையம்) போடுங்கள். ஷக்கிள் ஆணியின் கண்ணுக்குள் மெல்லிய கம்பியை இரண்டு சுற்று விட்டு முறுக்கிவிட வேண்டும். படகில் இதைச் செய்யாமல் ஒன்றையும் கடலுக்கு விடமாட்டோம். டேர்ன்பக்கிளின் பூட்டு நட்டையும் இறுக்குங்கள்.

பெட்டிக்கு அடியில் தடித்த ரப்பர் விரிப்பு கட்டாயம், அது வழுக்கலைக் குறைக்கும். பெட்டிக்கும் முன் சுவருக்கும் நடுவே உள்ள இடைவெளியை மரக்கட்டையால் அடையுங்கள்.

உப்புவெளியான்:
மிக்க நன்றி அண்ணா. சேசியில் துளை போடலாமா? ஸ்டெயின்லெஸ் வாங்கவா?

படகுப்பட்டறை:
சேசியின் மேல், கீழ் விளிம்புகளில் துளையும் வேண்டாம், வெல்டிங்கும் வேண்டாம், வெடிப்பு அங்கேதான் தொடங்கும். ஏற்கெனவே உள்ள துளைகளில் பிராக்கெட் பூட்டுங்கள். பெட்டிப் பக்கத்தில் போல்ட் அதன் அலுமினியச் சட்டத்தைப் பிடித்திருக்க வேண்டும், உள்ளே அகலமான தகடும் வையுங்கள்.

கடற்கரையில் வாகனம் நிற்பதால் 316 ரக ஸ்டெயின்லெஸ் நல்லது. ஆனால் ஸ்டெயின்லெஸ் திருகு மரை கிரீஸ் இல்லாமல் இறுக்கினால் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு பிறகு கழற்றவே விடாது. கொப்பர் கிரீஸ் பூசுங்கள். காசு இடிக்கிறது என்றால் உருக்கிய துத்தநாகத்தில் தோய்த்த கல்வனைஸ் சாமான் போதும். பளபளக்கும் மெல்லிய பூச்சுச் சாமானை வாங்காதீர்கள், உப்புக்காற்றில் சீக்கிரமே துருப்பிடிக்கும்.

போகிற வழியில் மூதூரில் நிறுத்தி நாலையும் கையால் ஆட்டிப் பாருங்கள். முதல் ஓட்டத்தில் பெட்டி ரப்பரில் பதிந்து அமரும், கொஞ்சம் தளர்ந்துதான் இருக்கும். இறுக்கிவிட்டுப் போங்கள்.