குருநகர்ச் சிறுவனின் படிப்பும் கடற்றொழிலும்

கேள்வி: யாழ்ப்பாணத்துக் குருநகரில் வளரும் என் அக்காவின் மகனுக்குப் பதினைந்து வயது. விடியலில் தகப்பனோடு வலையிலிருந்து நண்டு கழற்றிவிட்டு, களைப்போடு வகுப்பில் அமரும் அவன், பாடசாலையை விட்டு முழுநேரமாகக் கடலுக்குப் போகப்போவதாகச் சொல்கிறான். எவ்வாறு தடுப்பது?

மறுமொழி 1: அண்ணா, இலங்கையில் 16 வயது வரை கல்வி கட்டாயம், வேலைக்கு அமர்த்துவதற்கான ஆகக் குறைந்த வயதும் 2021இல் 16 ஆக உயர்த்தப்பட்டது. ஆயினும் சட்டத்தைக் காட்டிப் பயமுறுத்த வேண்டாம். வீட்டுச் செலவுக்குத் தன் உழைப்பு வேண்டும் என்று எண்ணுகின்ற பிள்ளையுடன் பெற்றோர் வரவு செலவை மறைக்காமல் பேசவேண்டும்.

மறுமொழி 2: பதினோராம் தர முடிவில் வரும் சாதாரண தரப் பரீட்சையை எழுதட்டும். பின்னர் கிளிநொச்சி அறிவியல் நகரிலுள்ள இலங்கை–ஜேர்மன் பயிற்சி நிறுவனத்தில் தொழில்நுட்பம் கற்கலாம்.

கேட்டவர்: நன்றி. படகு இயந்திரத்தைக் கழற்றிப் பூட்டுவதில் அவனுக்கு மிகுந்த விருப்பம் உண்டு. ஞாயிறு பூசை முடிந்ததும் அத்தானோடு பேசுகிறேன்.